பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கம்

2025 இறுதியில் என் பாஸ்போர்ட் காலாவதியாக இருந்தது. புதுப்பிக்க விண்ணப்பிப்பதற்காகச் சிங்கப்பூரில் தேக்கா பக்கம் ஒரு கடையில் நகல் எடுத்தபோது, நெடுநாளுக்குப் பிறகு அதன் கடைசிப் பக்கத்தை நிதானமாகப் பார்த்தேன். அப்பா பெயர், அம்மா பெயர், கீழே முகவரி. கதவு எண்ணை அடுத்து "காலனித் தெரு". 18 ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் புளோக் எண்ணையும் மாடி எண்ணையும் மட்டுமே முகவரியாக எழுதிப் பழகிவிட்ட எனக்கு அந்தச் சொல் கொஞ்சம் உறுத்தியது. சாங்கி விமான நிலையத்தில் எவரும் கடைசிப் பக்கத்தைப் புரட்டுவதில்லை. எங்கள் ஊர் பஸ் நிறுத்தத்தில் இறங்கினால் புரட்ட வேண்டிய தேவையே எவருக்கும் இல்லை. நான் இடப்பக்கம் திரும்புகிறேனா வலப்பக்கம் திரும்புகிறேனா என்று பார்த்தாலே போதும்.

நகலை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு தேக்கா உணவங்காடியில் தேநீர் வாங்கி உட்கார்ந்தேன். எதிரே ஒரு பெரியவர். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். பேச்சு வளர்ந்ததில் அவரும் விழுப்புரம் பக்கம்தான், எங்களுக்குப் பக்கத்து வட்டம் என்று தெரிந்தது. "தம்பிக்கு எந்த ஊர்?" என்றார். சொன்னேன். முகம் மலர்ந்தது. எங்கள் ஏரி, வாரச் சந்தை, திரௌபதி அம்மன் கோயில் தீமிதி எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. "ஊருக்குள்ளேயா, இல்லை…" என்று தொடங்கியவர் மிச்சத்தைத் தேநீரோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

"காலனிதான் ஐயா" என்று நானே முடித்து வைத்தேன்.

நல்ல மனிதர், சங்கடப்பட்டுப் போனார். "அந்தச் சொல்லைத்தான் அரசாங்கமே எடுத்துவிட்டதே" என்றார். உண்மைதான். 2025 ஏப்ரல் 29 அன்று முதலமைச்சர் மு.க. ஸ்டாலின், தலித் மக்கள் வாழும் பகுதியைக் குறிக்கும் 'காலனி' என்ற சொல் அரசு ஆவணங்களிலிருந்து நீக்கப்படும் என்று சட்டமன்றத்தில் அறிவித்திருந்தார். சற்று நேரம் கழித்துப் பெரியவர் கேட்டார்: "தப்பாக நினைக்காதீர்கள் தம்பி. உங்கள் ஆட்களுக்கு எந்தக் கட்சி ஆட்சி அதிகம் செய்திருக்கிறது?"

தேநீர் ஆறும்வரை பேசியும் என்னால் ஒரு கட்சியின் பெயரைச் சொல்ல முடியவில்லை. அன்று அவரிடம் விட்டுப்போனதை இங்கே எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் என் கடன். நான் படித்ததே அரசு ஆதிதிராவிடர் நல விடுதியில் தங்கித்தான். ஒரே கூடம், நாற்பது டிரங்குப் பெட்டிகள், சட்டை மாட்ட ஆளுக்கு ஓர் ஆணி. சாம்பாரையும் ரசத்தையும் பேர் சொல்லி ஊற்றினால்தான் எது எது என்று தெரியும். ஞாயிற்றுக்கிழமை முட்டை உண்டா என்பது வார்டன் ஊரில் இருக்கிறாரா என்பதைப் பொறுத்தது. ஆனாலும் அந்தக் கூடம் இல்லையென்றால் பாலிடெக்னிக் வாசலை நான் மிதித்திருக்க மாட்டேன். அங்கே எனக்குக் கிடைத்த இடம் 18 சதவீத ஒதுக்கீட்டில் வந்தது. 1971இல் கருணாநிதி ஆட்சி 16ஐ 18 ஆக்கியிருந்தது. உதவித்தொகைத் திட்டம் அதைவிடப் பழையது, 1944இல் வெள்ளைக்காரர் காலத்தில் தொடங்கியது. என் அண்ணன் மகள் தனியார் கல்லூரியில் பொறியியல் படித்தாள். கட்டணத்தை அரசு கட்டியது, 2012இல் ஜெயலலிதா ஆட்சி போட்ட அரசாணை எண் 92இன்படி. எங்கள் தெருவில் பாட்டிமார்களுக்குக்கூட அந்த எண் தெரியும். "பேத்தியைத் தொண்ணூற்றிரண்டில் சேர்த்திருக்கிறோம்" என்பார்கள், ஏதோ பஸ் எண்ணைச் சொல்வதுபோல. 2017இல் வந்த இன்னோர் ஆணை, நிர்வாக ஒதுக்கீட்டில் சேர்கிறவர்களை அதிலிருந்து விலக்கியது. அதுவும் அதே கட்சியின் ஆட்சிதான், நாற்காலியில் இருந்தவர் வேறு. டெல்லியின் பங்கு சுருங்கிச் சுருங்கி, சுமை மாநிலங்களின் தலையில் ஏறியதும், பிறகு 2020 டிசம்பரில் 60க்கு 40 என்ற விகிதம் வந்ததும் தனிக் கதை.

"எல்லாக் கட்சியும் ஒன்றுதான்" என்று சொல்கிறவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சல் வரும். அவர்கள் பெரும்பாலும் உதவித்தொகைப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறதா என்று அலுவலகப் பலகை முன் நின்றிராதவர்கள். ஓர் ஆணை ஜூலையில் வராமல் ஜனவரியில் வந்தால், அந்த ஆறு மாதத்தில் ஒரு பெண்பிள்ளை படிப்பை விட்டுத் திருப்பூருக்கு பஸ் ஏறிவிடுவாள்.

வீட்டுக் கதைக்கு வருகிறேன். நிரந்தரவாசத் தகுதி கிடைத்துச் சில ஆண்டுகள் கழித்து, மறுவிற்பனைக்கு வந்த வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடு தேடி அலைந்தோம். ஒரு வீடு மனைவிக்கு மிகவும் பிடித்துப் போனது. காற்றோட்டமான அடுப்படி, ஜன்னலைத் திறந்தால் மழைமரம். தரகர் கைப்பேசியில் புளோக் எண்ணைத் தட்டிப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். விற்பவர் சீனர். அந்தப் புளோக்கில் இந்தியருக்கான அளவு நிறைந்துவிட்டது, எங்களுக்கு விற்க முடியாது. 1989 முதல் இங்கே நடைமுறையில் இருக்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை அது. இந்தியரும் பிற இனத்தவரும் சேர்ந்து ஒரு பேட்டையில் 12 சதவீதம், ஒரு புளோக்கில் 15 சதவீதம் வரை இருக்கலாம் என்பது 2010 முதல் உள்ள கணக்கு.

மனைவிக்குக் கோபம். எனக்கோ சித்தியின் ஞாபகம் வந்து சிரிப்பு வந்தது. சித்திக்குச் சமத்துவபுரத்தில் வீடு கிடைத்திருந்தது. கருணாநிதி அறிவித்த திட்டம். முதல் சமத்துவபுரம் 1998இல் மதுரை மாவட்டம் மேலக்கோட்டையில் திறக்கப்பட்டது. 100 வீடு என்றால் தலித்துகளுக்கு 40, பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மிகப் பிற்படுத்தப்பட்டோருக்கு 25, மற்றவர்களுக்கு 10. எல்லாருக்கும் ஒரே சுடுகாடு. வாசலில் பெரியார் சிலை. சித்திக்கு ஒரு பக்கம் வன்னியர் வீடு, மறு பக்கம் நாவிதர் வீடு. அடிகுழாயில் நாள் தவறாமல் சண்டை நடக்கும். குடத்தை யார் முதலில் வைப்பது என்று சண்டை போட்டார்களே தவிர, யார் வைக்கலாம் என்று அங்கே ஒருநாளும் சண்டை வந்ததில்லை. எங்கள் காலனியிலிருந்து போன அம்மாவுக்கு அந்தச் சண்டையைப் பார்ப்பதே ஒரு திருவிழா. மத்தியானமே கிளம்பிப் போய் உட்கார்ந்துவிடுவார்.

2001இல் ஆட்சி மாறியது. சித்தி வீட்டுக் கூரை ஒழுகத் தொடங்கியது, தெருவிளக்கு அணைந்தது. போய்ச் சொன்னால் ஆள் வரவில்லை. "அவர்கள் கட்டியதை இவர்கள் எதற்குப் பார்ப்பார்கள்?" என்று சித்தி சாதாரணமாகச் சொன்னார். அதில் குறைகூட இல்லை, மழைக்காலத்தில் மழை பெய்யும் என்பதுபோல ஒரு தகவல்தான். 2021க்குப் பிறகு மறுபடி சுண்ணாம்பு அடித்தார்கள். அதற்குள் சித்தி இறந்துவிட்டார்.

இங்கே 1959 முதல் மக்கள் செயல் கட்சிதான் ஆட்சியில். கொள்கைக்கு யாருடைய குழந்தை என்ற கேள்வியே இல்லாததால் சுண்ணாம்பும் நிற்பதில்லை. இதைச் சொல்லும்போது மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். ஒதுக்கீட்டு அளவினால் சிறுபான்மையினர் தங்கள் வீட்டை விற்கும்போது வாங்க வருகிறவர்கள் குறைவு, விலையும் அடிபடும் என்பது நெடுநாள் மனக்குறை. அப்படிச் சிக்கிக்கொண்டவர்களின் வீட்டை வீவகவே வாங்கிக்கொள்ளும் வழி 2022இல்தான் பிறந்தது. 33 ஆண்டுகள். இன்னொரு வேடிக்கை, இந்தக் கணக்கில் இனம் கேட்பார்கள், சாதி கேட்க மாட்டார்கள். அந்த 15 சதவீதத்துக்குள் தேக்கா பெரியவரும் நானும் ஒன்று.

பெயர் கொடுப்பதில் ஆளும் கட்சிகளுக்கு எப்போதும் ஆர்வம் உண்டு. நீதிக்கட்சி ஆட்சியில் 1922இல் சென்னைச் சட்டமன்றம், இழிவாக வழங்கிய பழைய பெயர்களுக்கு மாற்றாக 'ஆதிதிராவிடர்' என்ற பெயரை ஏற்றது. தீர்மானத்துக்குப் பின்னால் இருந்தவர் ஆதிதிராவிடர் தலைவர் எம்.சி. ராஜா. அதற்கு முந்தைய ஆண்டுதான் பக்கிங்காம் கர்நாடிக் ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்புக் கலவரமாக வெடித்திருந்தது. அதில் நீதிக்கட்சித் தலைவர்கள் ஆதிதிராவிடத் தொழிலாளர்களுக்கு எதிர்ப்பக்கம் நின்றார்கள் என்ற கசப்பு ராஜாவுக்கு ஆறவில்லை. 1923இல் கட்சியை விட்டு வெளியேறினார். பெயர் தந்தவர்கள் சண்டை வந்தபோது கூட்டத்தை எண்ணிப் பார்த்து நின்றார்கள். 75 ஆண்டு கழித்து, 1997இல் தி.மு.க. அரசு ஒரு போக்குவரத்துக் கழகத்துக்குக் கட்டபொம்மனின் தலித் தளபதி வீரன் சுந்தரலிங்கத்தின் பெயரை வைத்தது. அந்தப் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்று தென் மாவட்டங்களில் கலவரம் மூண்டது. அரசு கண்டுபிடித்த தீர்வு, எல்லாப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்தும் எல்லா மாவட்டங்களிலிருந்தும் எல்லாத் தலைவர்களின் பெயர்களையும் எடுத்துவிடுவது. நான் அப்போது விடுதியில் இருந்தேன். "ஒரு பெயர் பிடிக்கவில்லை என்றால் எல்லாப் பெயரையும் அழிப்பார்களா?" என்று ஒரு பையன் கேட்டான். வார்டன், படிக்கிற வேலையைப் பார் என்றார்.

ஆனால் ஆட்சி நினைத்தால் முடியாதது எதுவுமில்லை என்பதற்கும் சாட்சி இருக்கிறது. மதுரை மாவட்டத்தில் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்தில் கொட்டகச்சியேந்தல். 1996இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தலித்துகளுக்கு ஒதுக்கப்பட்டது. பத்து ஆண்டுகள் உருப்படியாக ஒரு தேர்தல் நடத்த முடியவில்லை. மனுப் போட ஆள் வர மாட்டார், வந்து ஜெயித்தாலும் உடனே ராஜினாமா செய்வார். அதே ஒதுக்கீட்டுச் சண்டையில் மேலவளவில் ஊராட்சித் தலைவர் முருகேசனும் உடனிருந்தவர்களுமாக ஆறு பேர் 1997 ஜூனில் வெட்டிக் கொல்லப்பட்டிருந்தார்கள், பயம் பொய்யில்லை. அப்படிப்பட்ட இடத்தில் 2006 அக்டோபரில் தேர்தல் நடந்தது. மாவட்ட நிர்வாகம் ஊர் ஊராகப் போய்ப் பேசியது, வென்றவர்கள் பதவியிலும் நீடித்தார்கள். 1996இலும் தி.மு.க. ஆட்சி, 2006இலும் தி.மு.க. ஆட்சி. நடுவில் என்ன மாறியது?

என் கணிப்பு இது. 2006இல் தி.மு.க.வுக்கு 234இல் 96 இடம்தான். காங்கிரசும் பா.ம.க.வும் இடதுசாரிகளும் தாங்கிப் பிடித்த ஆட்சி. பாப்பாபட்டி விவகாரத்தை இடதுசாரிகளும் தலித் இயக்கங்களும் விடவில்லை. அருந்ததியருக்கு உள் ஒதுக்கீடு கேட்டு 2007 முதல் மார்க்சிஸ்ட் கட்சி தெருவில் நின்றது. 2009இல் 3 சதவீதம் சட்டமானது. அதை எதிர்த்துக் கிளம்பிய கேள்விகளுக்கெல்லாம் 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு, உள் ஒதுக்கீடு செல்லும் என்று பதில் சொன்னது. டெல்லியிலும் இதே கணக்குதான். அம்பேத்கருக்குப் பாரத ரத்னா வந்ததும், பௌத்தம் தழுவிய தலித்துகளுக்குப் பட்டியல் சாதித் தகுதி வந்ததும் 1990இல், இரண்டு பக்கமும் ஊன்றுகோல் வைத்து நின்ற வி.பி. சிங் ஆட்சியில். அசுரப் பெரும்பான்மை உள்ள ஆட்சியும் ஒருமுறை இறங்கி வந்தது: வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தை நீர்க்கச் செய்யும் தீர்ப்பு 2018 மார்ச்சில் வந்து, ஏப்ரல் 2 அன்று முழு அடைப்பில் வட இந்தியா ஸ்தம்பித்தது. உயிர்கள் போயின. ஆகஸ்டில் நாடாளுமன்றம் சட்டத்தைப் பழையபடி நிமிர்த்தியது. அடுத்த ஆண்டு தேர்தல்.

ஆகவே பெரியவரே, எந்தக் கட்சி என்று கேட்டால் எனக்குப் பதில் இல்லை. நாற்காலி ஆடும்போது எங்கள் மனுவைப் படிக்கிறார்கள். ஆடாத நாற்காலியில் உட்கார்ந்திருப்பவர் மனுவை வாங்கிக்கொள்கிறார்.

சட்டமன்றத்தில் எங்களுக்கென 44 தனித்தொகுதிகள் இருக்கின்றனவே என்பீர்கள். காந்தி தரப்பும் அம்பேத்கரும் செய்துகொண்ட 1932 பூனா ஒப்பந்தத்தின் வாரிசுகள் அவை. ஆள் எங்கள் ஆள், ஓட்டு எல்லாருடைய ஓட்டு. சீட்டு கொடுப்பது கட்சி. இங்கே 1988 முதல் இருக்கும், வேட்பாளர்கள் அணியாகப் போட்டியிடும் குழுத்தொகுதி முறையும் தூரத்துச் சொந்தம்தான். அணியில் ஒரு சிறுபான்மையினர் இருக்க வேண்டும், வாக்களிப்பது எல்லாரும். அவர் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்ற கேள்வி இரண்டு ஊரிலும் ஒன்றுதான், அங்கே அதற்கு ரத்தவாடை அடிக்கிறது என்பது வேறுபாடு. 1974இல் சத்தியவாணி முத்து, தாழ்த்தப்பட்டோரைத் தி.மு.க. கவனிக்கவில்லை என்று சொல்லி அமைச்சர் பதவியை உதறித் தனிக்கட்சி கண்டார். சில ஆண்டுகளில் அந்தக் கட்சி அ.தி.மு.க.வில் கரைந்தது. எங்கள் தெருவில் அவர் பெயர் தெரிந்தவர்கள் இன்று என் அப்பாவும் இன்னும் இருவரும்தான்.

அப்பாவைச் சொன்னதும் நிலத்துக்கு வந்துவிட்டேன். 1891இல் செங்கல்பட்டு கலெக்டர் திரமென்ஹீர் பறையர்களின் நிலைமை பற்றி ஓர் அறிக்கை எழுதினார். அதையொட்டி 1892இல் வந்த ஆணையின்படி சென்னை மாகாணத்தில் ஏறத்தாழ 12 லட்சம் ஏக்கர் நிலம் ஒடுக்கப்பட்டோருக்கு ஒப்படைக்கப்பட்டது என்பார்கள். பஞ்சமி நிலம். பத்து ஆண்டுக்கு விற்கக் கூடாது, பிறகு விற்றாலும் அதே வகுப்பாருக்குத்தான் விற்கலாம், மீறினால் செல்லாது. எங்கள் தாத்தாவுக்கு அதில் 1 ஏக்கர் 40 சென்ட் இருந்தது. பெரிய அத்தையின் கல்யாணத்துக்கு முந்நூறு ரூபாய் கடன் வாங்கி, ஒரு வெற்றுத்தாளில் கைநாட்டு வைத்தார். அதோடு போனது. கிராம நிலக் கணக்கான பழைய அ-பதிவேட்டில் அந்தச் சர்வே எண்ணுக்கு நேரே குறிப்புக் கட்டத்தில் 'டி.சி. நிபந்தனை' என்று இருக்கிறது, ஒடுக்கப்பட்டோருக்கான நிபந்தனை நிலம் என்று அர்த்தம். 1980களில் நிலப்பதிவேடுகளைப் புதுப்பிக்க நடந்த யு.டி.ஆர். வேலைக்குப் பிறகு வந்த பட்டாவில் அந்தக் கட்டம் காலி. யாரோ ஒருவர் ஒரு மத்தியான வேளையில் எழுதாமல் விட்டது. பத்து எழுத்துக்கூட இல்லை.

இப்போது அங்கே மோட்டார் கொட்டகையும் கரும்பும். வைத்திருப்பவர் ஊரில் செல்வாக்கானவர். நான் சின்னப் பையனாக இருந்தபோது ஒரு கட்சியின் கிளைச் செயலாளர், இப்போது மற்றதில். ஆட்சி மாறும்போதெல்லாம் வேட்டியின் கரைதான் மாறியது, வரப்பு மாறவில்லை. சென்னையில் யார் சட்டம் போட்டாலும், அந்தச் சட்டம் எங்கள் ஊருக்கு வரும்போது அவர் வீட்டுத் திண்ணையைத் தாண்டித்தான் வர வேண்டும். விடுதிக்கும் உதவித்தொகைக்கும் அரசு கஜானாவிலிருந்து எடுத்துக் கொடுத்தால் போதும். நிலத்தைக் கொடுக்க இவரிடமிருந்து எடுக்க வேண்டும். இவர்தான் தேர்தலன்று பூத்தில் உட்காருகிறவர்.

1994இல் செங்கல்பட்டுப் பக்கம் காரணையில் பஞ்சமி நிலத்தை மீட்கப் போய், அக்டோபர் 10 அன்று போலீஸ் சுட்டதில் இரண்டு இளைஞர்கள் இறந்தார்கள். அப்போது அ.தி.மு.க. ஆட்சி. 2019இல் ஒரு கட்சி நாளிதழின் அலுவலக நிலம் பஞ்சமி நிலமா என்று கட்சிகளுக்குள் சண்டை வந்து, அறிக்கையும் மறுப்பும் வழக்குமாகப் பறந்தபோது அப்பா பேப்பரை ஒரு வரி விடாமல் படித்தார். நம் நிலத்தைப் பற்றியும் போடுவார்கள் என்று ஒரு வாரம் காத்திருந்தார்.

2008 முதல் அவர் திங்கட்கிழமைகளில் கலெக்டர் அலுவலகத்துக்கு மனுவோடு போகிறார். இதுவரை பதினொரு ரசீதுகள், ஐந்து முதலமைச்சர்களின் காலம். ஒரு பதில் மட்டும் வந்திருக்கிறது: 'தங்கள் மனு உரிய நடவடிக்கைக்காக அனுப்பப்பட்டுள்ளது'.

போன மாதம் தொலைபேசியில் பேசினேன். பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் தெருப் பெயரை என்னவென்று எழுதுவது என்று கேட்டேன். "பலகைக்கு வெள்ளை அடித்துவிட்டார்கள், புதுப் பெயர் இன்னும் எழுதவில்லை" என்றார். "நீ பழையதையே எழுது. இல்லாவிட்டால் தபால்காரர் திண்டாடுவார்."

வைப்பதற்கு முன் ஒன்று கேட்டார். ரசீதுகளை வைத்திருக்கும் பிளாஸ்டிக் உறை ஓரம் கிழிந்துவிட்டதாம், மழையில் நனைகிறதாம். சிங்கப்பூரில் ஜிப் வைத்த உறை கிடைக்குமா, வரும்போது ஒன்று வாங்கி வா என்றார்.

முஸ்தபாவில் பெரியதாகப் பார்த்து இரண்டு வாங்கி வைத்திருக்கிறேன்.